ஒன்பது மாடுகள், ஐந்து படங்கள்

எனக்குக் கண் மங்கிவிட்டது என்றுதான் அப்போது வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் பலனாக இரண்டு வருடங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிட்டேன். தம்பி மனைவி விஜயா அதைப் பருப்போடு கடைந்து, என் தட்டில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பாள். தம்பி என் மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை மாற்றினான். இரண்டிலும் உலகம் முன்போலவே தெளிவாகத் தெரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் விடுமுறை நாட்களில் எல்லாம் காமிராவும் கையுமாக அலைந்தவள், ஒரு நாள் அதை உறைக்குள் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டால் வீட்டார் காரணம் கேட்கத்தான் செய்வார்கள். "கண் சரியில்லை" என்றேன். சொல்வதற்கு எளிதாக இருந்த பொய் அது.

உண்மை வேறு. நானும் அக்கா சிவகாமியும் மணம் செய்துகொள்ளாதவர்கள். தம்பி குடும்பத்தோடு சென்னையில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் ஒரு கல்லூரியில் நூலகர். அக்கா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தாள். படம் எடுக்க நான் போன இடமெல்லாம் அக்காவும் வந்தாள். லென்ஸின் மேல் வெயில் விழாமல் என் வலப்பக்கம் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் இறந்தபோது, மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தம்பி என் ஆல்பங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான்கு ஆல்பங்கள். கோபுரங்கள் இருந்தன, படகுகள் இருந்தன, மழையில் நனைந்த தெரு இருந்தது, மதில்மேல் ஒரு பூனை ஐந்து படங்களில் இருந்தது.

"ஒண்ணுல கூட அக்கா இல்லையே," என்றான் தம்பி. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. வியப்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அது நெஞ்சை விட்டு இறங்கவேயில்லை.

கடைசியில் பழைய கல்யாணக் கூட்டப்படம் ஒன்றில், யாரோ ஒருவரின் மாலைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த அக்காவின் இருபது வயது முகத்தைப் பெரிதாக்கி, மறு பாதியை ஓவியர் ஒருவர் வரைந்து சேர்த்தார். எங்களுக்கு அறிமுகமில்லாத ஒரு பெண் அக்காவின் மாலையைப் போட்டுக்கொண்டு கூடத்துச் சுவரில் இருந்தாள்.

இந்த நிலையில்தான் தம்பி மகள் மாலதி கால்நடை மருத்துவராகத் தருமபுரி மாவட்டத்து ஏரியூருக்குப் போனாள். மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. ஒரு கம்பளி வேண்டும், பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம் வேண்டும், "அத்தை காமிராவைத் தொடுவதில்லை என்றால் எனக்குக் கொடுக்கட்டும், இங்கே உபயோகப்படும்" என்று எழுதியிருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அலமாரியின் மேல்தட்டு காலியாகும் என்ற எண்ணமே ஆறுதலாக இருந்தது.

பொம்மிடியில் நான் இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. சேர்வராயன் மலை இன்னும் மலையாகவில்லை. வானத்தின் அடியில் யாரோ ஈரக்கையால் துடைத்துவிட்ட கறையைப் போலக் கிடந்தது. ரயில் போன பிறகு நடைமேடையில் ஏற்பட்ட அமைதி சென்னையில் எந்த நேரத்திலும் கிடைக்காதது. சென்னையில் ஓசை நின்றால் ஏதோ விபரீதம் என்று பொருள். இங்கே ஓசைதான் வழிதவறி வந்ததைப் போல இருந்தது. தேநீர்க் கடைக்காரர் பால் பொங்குவதைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். நானும் நின்றேன். பழைய நாளாக இருந்தால் கை தானாகக் காமிரா உறைக்குப் போயிருக்கும். அன்று அது கம்பளிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தருமபுரியில் பேருந்து மாறி ஏரியூருக்குப் புறப்பட்டேன். எனக்கு முன் இருக்கையில் வயதான தம்பதி கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கல்லூரியில் கன்னடம் பேசும் தோழி ஒருத்தி இருந்ததால் எனக்குப் பாதி விளங்கும். "புளி மூட்டையை மேலே ஏற்றினாயா?" என்றாள் மனைவி. "ஏற்றினேன்." "கட்டினாயா?" "கட்டினேன்." "யாருடைய மூட்டையை?" கணவர் வெகுநேரம் யோசித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

பென்னாகரம் தாண்டியதும் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கத்தில் இருந்து ஆவி எழுந்தது. நடத்துநர் திரும்பி, "தண்ணி வெச்சிருக்கறவங்க எல்லாம் குடுங்க. வண்டி குடிச்சாத்தான் நாம போவ முடியும்," என்றார். பயணிகள் சிறிதும் அலுத்துக்கொள்ளாமல் தூக்குப்போசிகளையும் பாட்டில்களையும் நீட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் தன் குழந்தைக்குக் கொஞ்சம் புகட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தாள். பிறகு என் மடியில் இருந்த தோல் உறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"போட்டா பொட்டிங்களா?"

"ஆமாம்."

"ஏரியூருக்குங்களா?"

"ஆமாம்."

அவ்வளவுதான் பேசினோம். ரேடியேட்டர் ஆறும்வரை எல்லோரும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் முந்தானையில் இருந்து வேகவைத்த நிலக்கடலையை எடுத்து எல்லோருக்கும் பகிர்ந்தாள். உப்பும் மண்ணும் கலந்த அந்தச் சுவையில் எனக்குத் தூக்கம் வந்தது; வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கண் அயர்ந்துவிட்டேன். கண்விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள் கனவில் தெரிவதுபோல நிறமில்லாமல் விலகிச் சென்றன.

மாலதியின் வீடு கால்நடை மருந்தகத்துக்குப் பின்னால் இருந்தது. இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள், குரல் மட்டும் உரத்திருந்தது. மாடுகளோடு பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது என்றாள். காமிராவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை, உள்ள ஃபிலிம் இருக்கே?"

பின்புறத்துச் சிவப்பு ஜன்னலில் எட்டு என்ற எண் தெரிந்தது. பன்னிரண்டு படச் சுருளில் ஏழு முடிந்து எட்டாவது காத்திருக்கிறது என்று பொருள். அக்காவோடு கடைசியாகப் பழவேற்காட்டுக்குப் போனபோது எடுத்தவை அந்த ஏழும். அவளுக்கு அப்போதே இருமல் தொடங்கியிருந்தது. மீதி ஐந்தை எடுக்காமலே வீடு திரும்பினோம். சுருளை முடிக்கவும் மனம் வரவில்லை. எடுத்து எறியவும் முடியவில்லை.

"நீயே முடிச்சுக்கோ," என்றேன்.

அன்று மாலை பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்தாள். நாற்பது வயதிருக்கும். கணவர் நாகமரைப் பக்கம் மீன் ஏலத்துக்குப் போகிறவர். நான் களியை மெல்வதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அய்யோ, மெல்லக் கூடாதுங்கம்மா. உருட்டி, கொழம்புல பொரட்டி, அப்பிடியே முழுங்கிரணும். பல்லுக்கு வேலையே இல்லீங்க."

"தொண்டையில் நின்றுவிடாதா?"

"எங்கூட்டுல யாருக்கும் இன்னும் நிக்கலைங்க."

விழுங்கினேன். சூடாக, வழுவழுப்பாக, நெஞ்சுக்குள் ஒரு கை இறங்குவதுபோல இறங்கியது. சின்னப்பாப்பா திருப்தியோடு பார்த்துவிட்டு, "நாளைக்கு எந்நேரத்துக்குங்க போட்டா?" என்றாள்.

விஷயம் மெல்லத்தான் விளங்கிற்று. கறவை மாட்டுத் திட்டத்தில் ஊரில் ஒன்பது பேருக்கு மாடு கிடைத்திருந்தது. ஒவ்வொரு மாட்டின் காதிலும் எண் பொறித்த தகடு மாட்டியிருந்தாள் மாலதி. உரியவர் மாட்டோடு நிற்க, தகடு தெரிகிற மாதிரி ஒரு படம் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் மாடு பட்டியலில் ஏறாது. மறுநாள் தருமபுரியில் இருந்து ரஹீம் பாய் என்கிற ஸ்டூடியோக்காரர் வந்து எடுப்பதாக ஏற்பாடு. அவர் மொபெட்டில் இருந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார் என்ற செய்தியும், பேருந்தில் ஒரு போட்டோக்காரம்மா வந்து இறங்கினாள் என்ற செய்தியும் ஒரே வண்டியில் வந்து சேர்ந்திருந்தன. ஊரார் இரண்டையும் சேர்த்து, பாய் தனக்குப் பதில் என்னை அனுப்பியதாக முடிவு செய்துவிட்டார்கள்.

"நான் எடுப்பதில்லை. கண் சரியில்லை," என்றேன்.

"மாடு பெருசுதானங்கம்மா," என்றாள் சின்னப்பாப்பா. "அதுகூடவா தெரியாது?"

மாலதி தலையைக் குனிந்துகொண்டு களியை உருட்டினாள். அவள் தோள்கள் குலுங்கின.

இரண்டாம் நாள் காலை ஜன்னலைத் திறந்தபோது மருந்தகத்துப் புளியமரத்தடியில் ஒரு திருவிழா தொடங்கியிருந்தது. குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாடுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பெண்கள் கல்யாணப் புடவையில் இருந்தார்கள். ஒரு மாட்டின் இரண்டு காதுகளையும் மூடிச் செவ்வந்திச் சரம் சுற்றியிருந்தது. "காதுதான் தெரியணும்னு நூறு தடவை சொன்னேனே!" என்று மாலதி அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் போக மறுத்திருக்கலாம். ஆனால் முதல் பேருந்தில் வேலைக்குப் போகாமல் அன்றைய கூலியை விட்டுவிட்டு, தலையில் பூவோடு நிற்கிறவர்களிடம் என்ன சொல்வது? ஒன்பது மாடுகள், ஐந்து படங்கள். இரண்டிரண்டாக நிறுத்தி எடுத்துப் பிறகு நடுவில் வெட்டிக்கொள்ளலாம் என்றேன். யாருடைய மாடு யார் பக்கத்தில் நிற்பது என்பதில் அரை மணி நேரம் போயிற்று. மாடுகளுக்குள் பகை இல்லை, உரியவர்களுக்குள் இருந்தது.

காமிராவின் பார்வைக் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். இரண்டு வருடங்களுக்குப் பிறகு அந்தச் சின்னச் சதுரத்துக்குள் உலகம் வந்து உட்கார்ந்தது. ஒன்றும் தோன்றவில்லை. முன்பெல்லாம் மூச்சை நிறுத்தச் செய்யும் ஒரு கணம் வரும், அது வரவில்லை. குமாஸ்தா முத்திரை குத்துவதுபோல நான்கு முறை அழுத்தினேன். எட்டு மாடுகள் முடிந்தன.

ஒன்பதாவது மாடு சின்னப்பாப்பாவுடையது. மெழுகினதுபோலப் பளபளக்கும் உடம்பும் தொங்கும் மடியுமாக அது நின்ற அழகைப் பார்த்து மாலதி புருவத்தைச் சுருக்கினாள். குறிப்பேட்டைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள்.

"சின்னப்பாப்பா, இது உன் மாடா?"

சின்னப்பாப்பா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இந்த மாட்டுக்கு இப்பத்தானே ராமக்காவோட படம் எடுத்தோம்?"

"கல்யாணத்துக்குப் போறப்ப பக்கத்தூட்டு நகைய வாங்கிப் போட்டுக்கறதில்லீங்களா, டாக்டரம்மா?" என்றாள் சின்னப்பாப்பா. "மாடு மட்டும் இரவலு வாங்கப்புடாதுங்களா?"

புளியமரத்தடி முழுவதும் சிரித்தது. ஒரு பெரியவர், "அப்பிடியே புருசனையும் நல்லதாப் பாத்து இரவலு வாங்கியாந்திருக்கலாமே!" என்றார்.

"கேட்டுப் பாத்தனே. ஒருத்தியும் குடுக்கலை," என்றாள் அவள் உடனே.

ஆனால் மாலதி சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "எம் மாடு கன்னு போட்டு இருவது நாளாவுதுங்க. எலும்பெடுத்துக் கெடக்குது. எத்தன தீனி வெச்சாலும் ஒடம்புல ஒட்டல. அதப் படம் புடிச்சு அனுப்புனா, ஆபீசுல பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? இவ தின்னுட்டு மாட்டப் பட்டினி போட்டான்னு சொல்லமாட்டாங்களா? அந்தப் படம் எத்தினி வருசத்துக்கு அங்க இருக்குமோ."

"நம்பர் ஒத்துப்போகணும், சின்னப்பாப்பா. உன் மாடு லிஸ்டுல ஏறணுமா வேண்டாமா?"

படம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக எதை விலக்கலாம் என்று முடிவு செய்வதில், அவளைவிட எனக்குப் பழக்கம் அதிகம்.

போய் அவள் மாட்டை ஓட்டிவந்தாள். அது உண்மையில் இளைத்துத்தான் இருந்தது. ஆனால் அதன் கண்கள் மிகப் பெரியவை. எந்தப் பக்கம் திருப்பினாலும் கன்று கட்டியிருந்த திசையையே பார்த்தது. சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வேறு வழியின்றி வெயிலுக்கு எதிரே நின்றேன். சின்னப்பாப்பா மாட்டின் விலாவில் கையை அகல விரித்து வைத்துக்கொண்டாள். எலும்பை மறைக்கிறாள் என்று தெரிந்தது. அழுத்தினேன். சுருள் முடிந்தது.

மூன்றாம் நாள் தருமபுரிக்குப் போனேன். படங்களைக் கழுவி வாங்கி வந்ததும் காமிராவை மாலதியிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுவது என்று திட்டம். பேருந்தில் நன்றாகத் தூங்கினேன். அந்த ஊர்ப் பக்கத்தில் பகலே ஒரு தூக்கம்போலத்தான் இருந்தது. வெயில் மரங்களின் மேல் இல்லாமல் மரங்களுக்குள் இருந்து வருவதாகத் தோன்றியது.

ரஹீம் பாய் கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டிக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் இருந்தார். "வாங்கம்மா. ஒம்போது மாட்டை அஞ்சுல அடக்கிட்டீங்களாமே! எனக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லீங்க," என்றார். சுருளை வாங்கிக்கொண்டு நொண்டியபடியே இருட்டறைக்குள் போனார். அவர் மனைவி ஷம்ஷாத் எனக்கு இஞ்சி போட்ட தேநீரும் ஒரு தேங்காய் பன்னும் கொடுத்தார். கழுவிய படங்களைக் கயிற்றில் கவ்விகளால் மாட்டிக் காயவைப்பது அவருடைய வேலை. கணவருக்குக் கேட்கட்டும் என்று உள்நோக்கிச் சொன்னார்: "விழுந்த அன்னிக்கு மொபெட்டைத்தான் மொதல்ல தூக்கிப் பாத்தாரு. அப்புறந்தான் காலு ஞாபகம் வந்துச்சு."

பிற்பகலில் படங்கள் ஈரத்தோடு வந்தன. முழுச் சதுரமாக, சுற்றிலும் கறுப்பு விளிம்போடு இருந்தன. சென்னையில் நான் வழக்கமாகக் கழுவக் கொடுக்கும் ஸ்டூடியோவில், "ஓரங்களை வெட்டிச் சுத்தமாகக் கொடுங்கள்," என்று சொல்லிவிடுவேன். என் காமிரா, கண்ணாடியில் காட்டுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். ஓரத்தில் வேண்டாதது ஏதாவது வந்துவிடும்.

"நாங்க வெட்றதே இல்லீங்க," என்றார் பாய். "ஒரு தடவை ஓரத்தை வெட்டுனப்ப ஒரு மாட்டுக் காதும் போயிருச்சு. கட்டு மொத்தமும் திரும்பி வந்துட்டுது. அன்னியிலேருந்து ஃபிலிம்ல என்ன இருக்குதோ அதான் பேப்பர்ல. ஜோடி மாட்டை மட்டும் கடைசியில நடுவுல பிரிச்சுக்கலாம்."

ஒன்பதாவது மாட்டுப் படத்தை அவர் தனியே எடுத்து வைத்தார். சின்னப்பாப்பாவின் தோளில் இருந்து மாட்டின் காதுவரை வெள்ளையாக ஒரு வெயில் கீறல் பாய்ந்திருந்தது. காதுத் தகடு அதற்குள் கரைந்துபோயிருந்தது.

"எதிர்வெயில் உள்ள பூந்திருச்சுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன்." பழவேற்காட்டு ஏழு படங்களையும் என் முன்னால் பரப்பினார். "இதுங்களும் எதிர்வெயில்தான். தண்ணி மினுக்கறதப் பாருங்க. ஒண்ணுலகூடக் கீறல் இல்ல. யாருங்க கொடை புடிச்சது?"

நான் அந்தப் படங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தேன். ஏரி, கவிழ்த்துப் போட்ட படகு, கொக்குகள், இடிந்த சுவர். தேடியது இல்லை என்று தெரிந்தும் தேடியிருந்தேன். இல்லை.

"அக்கா," என்றேன். "அவள்தான் எப்போதும் பிடிப்பாள். ஓரத்தில் இந்தக் கறுப்பு வரும். வெட்டிவிடச் சொல்வேன்."

ஷம்ஷாத் குனிந்து பார்த்தார். "கறுப்பு இல்லீங்களே. கொடை. இதோ கம்பி." பிறகு விரலை வைத்தார். "இதோ கையி. வளையலு போட்டிருக்காங்க. வளையல்ல நூலு சுத்தியிருக்குது பாருங்க."

கடைசி மாதங்களில் அக்காவின் கை இளைத்து வளையல் கழன்று விழத் தொடங்கியது. நிற்பதற்காக உள்பக்கம் நூல் சுற்றியிருந்தாள். அந்த நூலைச் சுற்றியது நான்.

ஏழு படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்றில் மூன்று விரல்கள். ஒன்றில் மணிக்கட்டு முழுவதும். ஒன்றில் குடைக்குக் கீழே காற்றில் பறந்த முந்தானையின் நுனி. கொக்குகள் எழும்பிய படத்தில் குடை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அவளும் கொக்கைப் பார்த்திருக்கிறாள். வலது மேல் ஓரத்தில், நான் பார்க்காத அதே இடத்தில், ஏழிலும் இருந்தாள். சென்னையில் பன்னிரண்டு ஆண்டுச் சுருள்கள் காகித உறைகளில் கிடக்கின்றன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேப்பரில்தான் வெட்டியிருந்தேன். ஃபிலிமில் யாரும் கைவைக்கவில்லை.

ஷம்ஷாத் என் முன்னால் இருந்த ஆறிப்போன தேநீர்க் குவளையை மெதுவாக எடுத்துக்கொண்டார். பாய் அதையெல்லாம் கவனிக்காதவர்போல ஒரு புதுச் சுருளை மேசைமேல் வைத்தார்.

"இந்த மாட்டுப் படம் செல்லாதுங்கம்மா. திரும்ப எடுக்கணும். எங் காலு இப்பிடி இருக்குது."

சுருளை வாங்கிப் பிரித்தேன். புது ஃபிலிமின் அந்தப் புளித்த மணம் வந்தது. விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. திருகினேன். சிவப்பு ஜன்னலில் ஒன்று வந்து நின்றது.

இரவு பாய் வீட்டிலேயே தங்கிவிட்டு, நான்காம் நாள் ஏரியூருக்குத் திரும்பிய வழியில் நான் தூங்கவில்லை. முதல் நாள் நிறமில்லாமல் விலகிச் சென்ற வயல்கள் அன்றும் அப்படியே இருந்தன. ஆனால் ஒரு கொல்லையில் காயவைத்த கேழ்வரகின் மேல் கோழி விட்டுப்போன காலடித் தடம்கூட எனக்குத் தெரிந்தது. வேப்பமரத்தடியைத் தாண்டும்போது, வண்டி இங்கே மறுபடி நின்றால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அது அன்று ஒழுங்காக ஓடியது.

படம் செல்லவில்லை என்று கேட்டதும் சின்னப்பாப்பா இடுப்பில் கைவைத்தாள். "நாந்தான் சொன்னனே, எம் மாட்டுக்குப் போட்டா ராசி இல்லைன்னு!"

"மாட்டின் மேல் தப்பில்லை. குடை இல்லாமல் எடுத்துவிட்டேன்," என்றேன்.

மாலதி தன் குடையைக் கொண்டுவந்தாள். எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "வலப்பக்கம். கொஞ்சம் முன்னால். கையை உயர்த்து," என்று சொல்லிக்கொடுத்தேன். அக்காவுக்கு நான் இதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே அவள் சரியான இடத்தில் இருந்தாள் என்பதை அந்த நிமிடம்தான் அறிந்தேன்.

மாடு கன்றின் பக்கம் திரும்பியது. சின்னப்பாப்பா இந்த முறையும் விலாவை மறைக்கக் கை வைத்தாள். பிறகு, எதனாலோ, அதை எடுத்து மாட்டின் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மாடு தலையைச் சாய்த்து அவள் தோளை நக்கியது. "சீ, போட்டா எடுக்கறப்ப!" என்று அவள் சிணுங்கினாள். என் மூச்சு நின்றது. வெகுநாள் பிரிந்திருந்த அந்தக் கணம் வந்துவிட்டது. அழுத்தினேன்.

திருகிவிட்டு வலப்பக்கம் திரும்பினேன். மாலதி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குறிப்பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குடைக்குக் கீழே நின்றாள்.

"அத்தை, மாடு அங்க இருக்கு."

"தெரியும்," என்று சொல்லி அழுத்தினேன்.

ஐந்தாம் நாள் பொம்மிடி நடைமேடைவரை மாலதி வந்தாள். சின்னப்பாப்பா கொடுத்த கேழ்வரகு மாவு ஒரு கையிலும் காமிரா தோளிலுமாக நான் வண்டியேறினேன். காமிராவைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி அசைந்ததும் ஜன்னலோடு நடந்துவந்து, "கீரை இனிமே வேண்டாம்னு அம்மாவுக்கு எழுதிடறேன்," என்று மட்டும் சொன்னாள்.

அந்த மாதம் முழுவதும் பழைய சுருள்களை ஓரம் வெட்டாமல் அச்சிட்டு வாங்கினேன். தம்பி ஒவ்வொரு மாலையும் அலுவலகத்தில் இருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து, கோபுரங்களையும் படகுகளையும் விட்டுவிட்டு வலது ஓரங்களை மட்டும் பார்ப்பான். சிலவற்றில்தான் விரல்கள் இருந்தன; குடை எல்லாவற்றிலும் இருந்தது. சுவரில் இருந்த அறிமுகமில்லாத பெண்ணை அவனே ஏணி வைத்துக் கழற்றினான். அந்த ஆணியில் கொக்குகள் எழும்பும் படத்தை மாட்டினான். வருகிறவர்கள் கொக்குகளைப் புகழ்வார்கள். விஜயா அவர்கள் தோளைத் தொட்டு மேல் ஓரத்தைக் காட்டுவாள்.

சின்னப்பாப்பாவின் மாடு பட்டியலில் ஏறியது. படத்தின் ஒரு பிரதியை அனுப்பிவைத்தபோது, "எளச்சாலும் லட்சணமாத்தான் இருக்குது" என்று அவள் சொன்னதாக மாலதி எழுதினாள்.

தம்பி இப்போது இல்லை. விஜயாவும் இல்லை. மாலதி பல ஊர்கள் மாறி, ஓய்வு பெற்று, இந்த வீட்டுக்கே திரும்பிவந்துவிட்டாள். காலையில் நான் காமிராவை எடுத்தால் அவள் குடையை எடுக்கிறாள். நாங்கள் இருவரும்தான் இருக்கிறோம்.